‘அவங்க கலாச்சாரம் அப்படி’: திருப்பூரில் சமூகப்பணியும் சாதியும்

(மண்ணரையில் பனியன் தொழிலாளர்களும் சமூகப்பணி மாணவர்களும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

‘சமூகப்பணிக் களத்தில் பண்பாட்டுப் பன்மையும் முன்முடிவுகளும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் பருவத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி மாதிரி இருக்கிறது. பன்மையை மதிக்க வேண்டும், முன்முடிவு கூடாது என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். இங்கே ஒருவரும் மறுக்க மாட்டீர்கள். ஊத்துக்குளி ரோட்டில் ஏறியதும் எல்லாம் பழையபடி நடக்கும். அதனால் சின்னதாக ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ‘கலாச்சாரம்’ என்ற சொல்லைத் திருப்பூரில் யார், யாரைப் பற்றி, எந்த இடத்தில் பயன்படுத்துகிறார்கள்?

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் களப்பணியாளர்களும் பயிற்சி மாணவர்களும் எழுதிய வீட்டுப் பார்வை அறிக்கைகளை நிறையப் படிக்க நேர்ந்தது. நல்ல மனிதர்கள் எழுதியவை. வெயிலில் நடந்து, வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியவை. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் நான்கு வகை வாக்கியங்களை மட்டும் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை: ‘கல்வியில் ஆர்வமில்லாத பின்னணி.’ பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள்: ‘சுகாதாரப் பழக்கம் குறைவு.’ அருந்ததியர் குடியிருப்பில் ஒருவர் குடிக்கிறார்: ‘இம்மக்களின் வாழ்க்கை முறையில் குடி கலந்துள்ளது.’ காம்பவுண்டு வீட்டுக்காரர் தலித் குடும்பத்துக்கு வாடகைக்கு விட மறுக்கிறார்: ‘உள்ளூர் வழக்கத்தால் வீடு கிடைப்பதில் சிரமம்.’

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்றில் கூலியும் அறையின் அளவும் ஷிப்டும் உண்டாக்கிய நிலைமை, அந்த மக்களின் குணமாக எழுதப்பட்டிருக்கிறது. நான்காவதில் ஓர் ஆள் செய்த தீண்டாமை, ஆளே இல்லாத ‘வழக்கம்’ ஆகிவிட்டது. ஏழை செய்வதெல்லாம் அவனுடைய பண்பாடு. ஆதிக்க சாதி செய்தால் அது ஊரின் பண்பாடு. முன்முடிவு என்று நான் சொல்ல வருவது இந்த எழுத்து வேலையைத்தான். மனசுக்குள் இருக்கும் வெறுப்பைவிட இது ஆபத்தானது. ஏனென்றால் இது கோப்பில் ஏறுகிறது. அடுத்து வரும் பணியாளர் அதைப் படித்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் நுழைகிறார்.

முதல் வகையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இந்த மண்ணரையிலேயே லைன் வீடுகள் எத்தனை இருக்கின்றன, ஒரு குழாய்க்கும் ஒரு கழிவறைக்கும் எத்தனை குடும்பங்கள், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போய், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிற தாய் தகப்பனுக்குப் பிறந்த மூத்த பெண் பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறது. பள்ளியில் சேர்த்தாலும் பாடம் அதற்குத் தெரியாத மொழியில் நடக்கிறது. இதில் ‘ஆர்வமின்மை’ எங்கிருந்து வந்தது? படிவத்தில் ‘பள்ளி செல்லாததற்கான காரணம்’ என்ற கட்டத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே அச்சடித்து இருந்தது. டிக் அடிக்க வசதியாக இருந்தது. அங்கிருந்துதான் வந்தது.

புலம்பெயர் தொழிலாளர் விஷயத்தில் இந்த நோய் இன்னும் முற்றியிருக்கிறது. ‘வடக்கன்’ என்ற ஒரே சொல்லில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. 2022இல் கோவையில் ஒரு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா மேடையிலேயே ஓர் அமைச்சர், இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரி விற்கிறார்களே என்று கேட்டார். இந்தித் திணிப்பை எதிர்க்க நமக்கு நூறு நியாயங்கள் உண்டு. பானிபூரி விற்பவரின் உழைப்பைக் கேலி செய்வது அவற்றில் ஒன்றல்ல. பெரியார் பிறந்த மண் என்று சொல்லிக்கொள்ளும் நாம் அன்றைக்கு இன்னும் சத்தமாக முகம் சுளித்திருக்க வேண்டும்.

2023 மார்ச் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அங்கிருந்து அரசுக் குழு ஒன்று புறப்பட்டுத் திருப்பூர் வரை வந்து விசாரித்தது. நம் காவல்துறை உதவி எண்களை அறிவித்தது. காணொளிகள் பொய் என்று நிறுவப்பட்டது. சரி. ஆனால் அந்தப் பொய்யை அத்தனை தொழிலாளர்கள் ஏன் நம்பினார்கள்? டீக்கடையிலும் பஸ்ஸிலும் வாடகை வீட்டு வாசலிலும் தினமும் வாங்கிய ஏச்சு அந்தப் பொய்யை நம்பத்தக்கதாக ஆக்கியிருந்தது. பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு நல்லிணக்க நிகழ்ச்சி என்ற பெயரில் இனிப்புக் கொடுப்பதும் சேர்ந்து வண்ணம் பூசிக்கொள்வதும் மருந்தாகாது. 1979இல் வந்த மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், இடப்பெயர்வுப் படியும் பயணப் படியும் தர வேண்டும் என்றது. அந்தப் படியை வாங்கிய ஒருவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

‘பீகாரி’ என்று ஒற்றைப் பண்பாடாக எழுதும்போது இன்னொன்றும் மறைகிறது. கான்ட்ராக்டர் ஒரே அறையில் போடும் எட்டுப் பேரில் ஒருவர் முசஹராக இருக்கலாம், இன்னொருவர் பூமிஹாராக இருக்கலாம். அங்கே அவர்களுக்குள் யார் யார் வீட்டு வாசலில் நின்றார்கள் என்ற வரலாறு, ரயிலில் ஏறும்போது இறங்கிப் போய்விடுவதில்லை. அறையில் அடிதடி வந்தால் நம் அறிக்கை ‘வடமாநிலத்தவர் உட்பூசல்’ என்று முடித்துவிடும். ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களில் சந்தாலி, முண்டாரி, ஹோ பேசுகிற ஆதிவாசிகள் உண்டு. அவர்களுக்கு இந்தியில் ஒரு துண்டறிக்கை கொடுத்துவிட்டு, தாய்மொழியில் தகவல் தந்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். இந்தித் திணிப்பு என்று இதையும் சொல்லலாம், செய்வது தமிழர்களாகிய நாம்தான் என்றாலும்.

இப்போது இரண்டாவது வகை. அநீதியைப் பண்பாடு என்று எழுதுவது.

சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்ததை இளைய தோழர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதின்வயதுப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் மூன்று ஆண்டுகள் அடைத்துவைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, திருமணச் செலவுக்கு, என்று ஆசை காட்டிய திட்டம். இடையில் உடம்பு முடியாமல் வெளியேறினால் அந்தத் தொகை பெரும்பாலும் போச்சு. சேர்க்கப்பட்ட பெண்களில் பெரும்பகுதியினர் தலித் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை இதை உலகச் சந்தை வரை கொண்டுபோனது. அந்தப் பெயரைக் கவனியுங்கள். தீர்க்கசுமங்கலியாக இரு என்று பெண்ணை வாழ்த்தும் வைதிக மரபின் சொல்லை எடுத்து, கொத்தடிமை ஒப்பந்தத்துக்குப் பெயராக வைத்தார்கள். விசாரித்தால், ‘பெத்தவங்களே விரும்பித்தானுங்க அனுப்புறாங்க, வயசுப் பொண்ணு பாதுகாப்பா இருக்கும்னு நினைக்கிறது அவிய வழக்கமுங்க’ என்ற பதில். வரதட்சணையும் வறுமையும் கூலித் திருட்டும் ஒரே மூச்சில் ‘வழக்கம்’ ஆகிவிட்டன.

அடுத்தது பாப்பாள் அம்மா. அவிநாசி ஒன்றியம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளி, 2018 ஜூலை. சத்துணவுச் சமையலரான அவர் மாற்றலாகித் தன் சொந்த ஊர்ப் பள்ளிக்கு வருகிறார். அருந்ததியர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் திரண்டு தடுக்கிறார்கள். அதிகார இயந்திரம் முதலில் செய்த காரியம் என்ன? பாப்பாள் அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றி உத்தரவு போட்டது. அரசியல் சட்டத்தின் பதினேழாவது பிரிவை மீறியவர்கள் ஊரில் இருக்க, மீறப்பட்டவர் பஸ் ஏற வேண்டும். இயக்கங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல்.

அந்த முதல் உத்தரவைப் போட்ட மனநிலையை நான் சமூகப்பணி வகுப்பறைகளில் பார்த்திருக்கிறேன். அங்கே அதற்குப் பெயர் ‘முரண்பாட்டு மேலாண்மை’. சமுதாயத்தின் ஒப்புதல் இல்லாமல் எதையும் செய்யாதே, ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொள்ளாதே, சமூக உறவு கெடாமல் பார்த்துக்கொள். யாருடைய சமுதாயம், எந்த ஊர்ப் பெரியவர் என்று மட்டும் கேட்காதே.

நம் பாடத்திட்டத்தின் பங்கையும் பேசியாக வேண்டும். பீஸ்டெக்கின் ஏழு கோட்பாடுகளை ஒப்பிக்காமல் சமூகப்பணிப் பட்டம் வாங்கியவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பீஸ்டெக் ஓர் அமெரிக்க ஏசு சபைப் பாதிரியார். அவருடைய புத்தகம் 1957இல் வந்தது. அந்த ஏழில் ஒன்று, உதவி தேடி வருபவரைப் பற்றித் தீர்ப்பு எழுதாமை. மதிப்பான கோட்பாடு. உடைந்துபோய் வந்து நிற்கிற மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே என்பதுதான் அதன் பொருள். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். குடிக்கிற தொழிலாளியைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுதுகிறோம். வீடு தர மறுத்தவரிடம் வரும்போதுதான் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற ஞானம் பிறக்கிறது. சர்வதேச சமூகப்பணியாளர் கூட்டமைப்பு 2014இல் மெல்போர்னில் ஏற்றுக்கொண்ட வரையறையில் சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு, பன்மைகளுக்கு மரியாதை என்று நான்கு இருக்கின்றன. நாலாவதை எடுத்து மற்ற மூன்றையும் அடிக்கிற வித்தையை நம்மவர்கள் கற்றிருக்கிறார்கள். சாதி என்பது பன்மையில் ஒரு நிறம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு மொழி பேசுவது பன்மை, வேறு சாப்பாடு சாப்பிடுவது பன்மை. ஒருவர் சமைத்ததை இன்னொருவர் தொடமாட்டேன் என்பதும் அதே பட்டியலில் எப்படி வரும்?

அமெரிக்காவில் டெர்வலன், முர்ரே கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998இல் ‘பண்பாட்டுப் பணிவு’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். அடுத்தவர் பண்பாட்டை ஒரு பாடமாகப் படித்துத் தேறிவிட்டேன் என்று நினைக்காதே. உன் அதிகாரத்தையும் உன் சாய்வையும் வாழ்நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டே இரு என்பது அதன் சாரம். இந்த ஒன்றை மட்டும் இங்கே இறக்குமதி செய்ய எனக்குச் சம்மதம். ஆனால் இங்கே அதைச் சோதிப்பதற்குக் கேள்வித்தாள் தேவையில்லை. ஒரு டம்ளர் போதும்.

வீட்டுப் பார்வைக்குப் போகிறீர்கள். அருந்ததியர் வீட்டில் தண்ணீர் கொடுக்கிறார்கள். ‘இல்லைங்கக்கா, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்’ என்கிறீர்கள். அடுத்த தெருவில் கவுண்டர் வீட்டில் மோர் கொடுக்கிறார்கள், குடிக்கிறீர்கள். நீங்கள் எத்தனை படித்தவராக இருந்தாலும் அந்த அக்கா அதைப் பார்த்துவிடுகிறார். அதற்குப் பிறகு உங்கள் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதில்கள் ஒப்புக்குத்தான். அந்தப் பதில்களைத்தான் நாம் ‘தரவு’ என்கிறோம். திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் 2014இல் எழுதிய கட்டுரைக்கு ‘டி-ஷர்ட்டும் டம்ளரும்’ என்றே தலைப்பு வைத்தார்கள். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போக முடிந்த ஊரில் தலித்துகளுக்கு ஓரளவு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. விசைத்தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட ஊரில் பழைய பிடி தளரவில்லை. ஒரே மாவட்டம், பண்பாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலையும் கடனும் வேறு. பண்பாட்டைக் காரணமாக எழுதுவதற்கு முன்னால் முன்பணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

டம்ளரிலிருந்து அம்பேத்கருக்கு வருகிறேன். சமூகப்பணி மாணவர்களுக்கு நான் ஒரே ஒரு வாசிப்பைத்தான் பரிந்துரைக்க முடியும் என்றால், அவர் 1932 நவம்பரில் மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போகும்போது தக்கர் பாபாவுக்கு எழுதிய கடிதத்தைச் சொல்வேன். தீண்டாமை ஒழிப்புச் சங்கம், அதாவது பின்னால் ஹரிஜன் சேவக் சங்கம் ஆன அமைப்பு, அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அம்பேத்கர் யோசனை சொல்கிறார். சமூகப்பணியில் இரண்டு பார்வைகள் உண்டு என்கிறார். ஒருவன் வறுமையில் இருந்தால் அவனுடைய நடத்தையில்தான் குறை என்று நினைத்து, குடியை விடு, உடற்பயிற்சி செய், நூலகத்துக்குப் போ என்று திருத்துவது ஒன்று. அவன் மாட்டிக்கொண்டிருக்கும் சூழலை மாற்றுவது இன்னொன்று. முதலாவதில் உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள் என்கிறார். கிணறு, பள்ளி, பொது இடம் என்று குடியுரிமைகளுக்காகக் கிராமங்களில் போராடுங்கள். மோதல் வந்தால் வரட்டும் என்கிறார். மகாடு குளத்துப் போராட்டமும் நாசிக் காலாராம் கோயில் போராட்டமும் சாதி இந்துக்களைச் சில நாட்களில் யோசிக்க வைத்த அளவுக்குக் காலமெல்லாம் செய்த உபதேசம் யோசிக்க வைக்கவில்லை என்பது அவருடைய வாதம். ‘முரண்பாட்டு மேலாண்மை’க்கு நேர் எதிர்த் திசை.

அதே கடிதத்தில் பஞ்சாலை பற்றி ஒரு பகுதி இருக்கிறது. நூல் சுற்றும் பிரிவில் பொறுப்பிலிருக்கும் பெண், மூலப்பொருளை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்காமல் சாதி இந்துப் பெண்களுக்கே கொடுத்துவிடுகிறார், தீண்டத்தகாத பெண்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். இதைப் படித்தபோது எனக்குப் பவர்டேபிள்தான் கண்முன் வந்தது. பீஸ் ரேட்டில் கட்டு யாருக்கு முதலில் வருகிறது? சுலபமான ஸ்டைல் யாருக்கு, ஊசி உடைகிற துணி யாருக்கு? வாரக் கடைசியில் சம்பளம் குறைந்தால் ‘கை வேகம் போதாது’ என்பார்கள். அந்த வாக்கியம் நம் ஆலோசனைப் பதிவேட்டுக்கு வரும்போது ‘ஊக்கக் குறைபாடு’ ஆகியிருக்கும். கம்பெனிக்குள் சாதி இல்லை, எல்லாம் வேலைதான் என்று சொல்கிறவர்களைக் கட்டுப் பிரிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாரம் நிற்கச் சொல்லுங்கள்.

திருப்பூர் முதலாளிகள் பெருமையாகச் சொல்வது ‘உழைப்பு’. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட தன் நூலில், விவசாயப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர்கள் தங்கள் உயர்வுக்கு உழைப்பையே காரணமாகச் சொல்வதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கூடவே நின்று உழைத்த அருந்ததியர் ஏன் முதலாளி ஆகவில்லை என்பதே கேள்வி. நிலம், சொந்தபந்தம் தரும் கடன், மாமன் மச்சான் போடும் ஜாப் ஆர்டர் எல்லாம் சேர்ந்த ஒன்றுக்குத்தான் அங்கே உழைப்பு என்று பெயர். ஜெயித்தவருக்குப் பண்பாடு பாராட்டாகவும் தோற்றவருக்குப் பழியாகவும் எழுதப்படுகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. அறிக்கையில் ‘கலாச்சாரம்’, ‘வழக்கம்’, ‘பின்னணி’ என்று எழுத நேர்ந்தால், அந்தச் சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் நடந்ததை எழுதுங்கள். ‘உள்ளூர் வழக்கத்தால் வீடு கிடைக்கவில்லை’ என்பதை, ‘வீட்டு உரிமையாளர் முதலில் ஊர் எது என்று கேட்டார், பிறகு குலதெய்வம் எது என்று கேட்டார், அதன்பின் வீடு இல்லை என்றார்’ என்று எழுதினால் அது சாட்சியம். நாளைக்கு ஒரு வழக்கறிஞருக்குப் பயன்படும். பயிற்சிக்கு வரும் தலித் மாணவர்களை, ‘உங்க ஆளுங்கதானே, ஈசியா பேசிடுவீங்க’ என்று சேரிக்கு மட்டுமே அனுப்புவதைத் துறைத் தலைவர்கள் நிறுத்த வேண்டும். அவர்கள் ஏற்றுமதி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் போகட்டும். இதுவரை சேரிக்குள் கால் வைக்காதவர்கள் இந்தப் பக்கம் வரட்டும், வந்தால் தண்ணீர் குடிக்கட்டும். எல்லாப் படிவத்திலும் உதவி கேட்டு வருபவரின் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எழுதுகிறவர் யார், எங்கிருந்து பார்க்கிறார் என்பதற்கு எங்கும் கட்டமில்லை. மேற்பார்வைக் கூட்டங்களிலாவது அதைக் கேட்கத் தொடங்க வேண்டும். சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் இதுவரை ஒரு தரப்புக்கே சொந்தமாக இருந்துவிட்டது.

இன்னொரு வேலை உடனடியாக இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு பற்றிய அறிவிப்புகள் தமிழிலும் இந்தியிலும் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும் கம்பெனிகளே நான் பார்த்தவரை அதிகம். ஒடியா, வங்காளி, சந்தாலியில் அதை மொழிபெயர்க்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவாகவும் வேண்டும். ஒடியா தெரிந்த தோழர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தாலி பேசுகிறவர்கள் உங்கள் லைன் வீட்டிலோ கம்பெனியிலோ இருந்தால், டீ குடிக்கிற நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.